ஒரு குக்கர், ஒரு இண்டக்ஷன், நாலு பேர்: சீசன் காய்ல ரூம் சமையல்



முதல் வருஷம் முடிஞ்சதும் ஹாஸ்டலை விட்டு வெளிய வந்து, நாலு பேரா சேர்ந்து காலேஜுக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்தோம். ரூம்ல முதல் நாள் சமையல் வெண்டைக்காய்ப் பொரியல். நான்தான் மாஸ்டர். காயை வெட்டினேன். வெட்டின காயைத் தண்ணியில போட்டு நல்லா அலசினேன். ஈரத்தோட கடாயில கொட்டி, உப்பைத் தூவி, மூடி வெச்சேன். பத்து நிமிஷம் கழிச்சுத் திறந்து பாத்தா, உள்ள இருந்தது பொரியல் இல்ல. போஸ்டர் ஒட்டுற பசை. கரண்டியைத் தூக்கினா கடாயும் கூடவே வந்துச்சு.

அம்மாவுக்கு போன் போட்டேன். முழுக்க கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ஏல, வெட்டுன பொறவா கழுவுன?"

அன்னைக்கு ராத்திரி நாலு பேரும் பரோட்டா கடைக்குத்தான் போனோம். அதுக்கப்புறம் ஒரு மாசம் முழுக்க அதே கடைதான். மாசக் கடைசியில ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு, நாலு பேரோட அக்கவுண்ட்லயும் மூணு இலக்கம்தான் மிச்சம். ரெண்டு, எங்க ரூம் ஈரோட்டுக்காரனுக்கு வயித்து எரிச்சல் வந்து, இன்டர்னல் எழுத வேண்டிய நாள்ல டாக்டர்கிட்ட போய் உக்காந்திருந்தான். "நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெயையும் காரத்தையும் குறை, காய்கறி சேத்துக்கோ" அப்படின்னு டாக்டர் சொல்லி அனுப்பினார். அவனுக்காகத்தான் மறுபடியும் கரண்டியைப் பிடிச்சோம். ஒண்ணரை வருஷம் ஆச்சு, இன்னும் விடல.

இந்தக் கட்டுரையில நாங்க கத்துக்கிட்டதைச் சொல்றேன். எந்த மாசம் எந்தக் காய் வாங்கலாம், அதை எப்படிப் பாத்து எடுக்கிறது, ஏன் சில சமயம் பொரியல் கஞ்சி ஆகுது, அப்புறம் நாலு அயிட்டம். நாம எல்லாரும் இன்ஜினியரிங் படிக்கிறவங்க, அதனால "அம்மா சொன்னாங்க" என்பதோடு நிறுத்தாம "ஏன்" என்பதையும் சேத்தே பாத்துடலாம்.

சீசன்னா என்ன?

நாங்க படிக்கிறது கோயம்புத்தூர்ல. இங்க உழவர் சந்தை உண்டு. தமிழ்நாட்டுல முதல் உழவர் சந்தை 1999-ல் மதுரையில தொடங்கினாங்க. விளைவிச்ச விவசாயியே அடையாள அட்டையோட வந்து கடை போட்டு நேரா விக்கிறதுதான் அதோட அடிப்படை. அன்னைக்கு என்ன காய் என்ன விலைன்னு போர்டுல எழுதி வெச்சிருப்பாங்க, பேரம் பேசுற வேலையே இல்ல. ஒரே நிபந்தனை, காலையில சீக்கிரம் எந்திரிக்கணும். எட்டு மணிக்கு மேல போனா நல்ல காயெல்லாம் காலி.

ஆரம்பத்துல நாங்க வாரா வாரம் ஒரே லிஸ்ட்தான்: உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், தக்காளி. ஒரு நாள் கடையில உக்காந்திருந்த அம்மா கேட்டாங்க: "ஏங்கண்ணு, எப்பப் பாத்தாலும் இதையே வாங்கிட்டுப் போறீங்க? அவரைக்காய் இப்பத்தானுங் இறங்கிருக்குது. ஒரு கால் கிலோ எடுத்துட்டுப் போய்ப் பாருங்க."

அது மார்கழி மாசம். அந்த அவரைக்காய்ல ஆரம்பிச்சதுதான் எங்களோட சீசன் பாடம்.

அவரை ஏன் குளிர்காலத்துல மட்டும் கொட்டுது? நாட்டு அவரைக்குப் பகல் நேரம் குறைஞ்சாதான் பூக்கவே தெரியும். ஆடியில விதைச்ச கொடி மாசக்கணக்கா இலையா மட்டும் படர்ந்துகிட்டு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில பகல் சுருங்கினதும் பூவெடுத்து, மார்கழி, தையில காய்ச்சுத் தள்ளும். செடிக்குள்ளயே ஒரு லைட் சென்சார் இருக்குன்னு வெச்சுக்கோங்க. (இப்ப வருஷம் முழுக்கக் காய்க்கிற ரகங்களும் வந்தாச்சு. ஆனா தை மாசத்து நாட்டு அவரையோட ருசி தனி.)

நம்ம ஊர் சந்தையில தோராயமா இப்படித்தான் வரும்:

மார்கழி, தை, மாசி: அவரை, பச்சை மொச்சை, பச்சைப் பட்டாணி, முள்ளங்கி, காலிஃபிளவர், கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பரங்கிக்காய். பொங்கலுக்கு வீட்டுல கிழங்கும் மொச்சையும் பரங்கியும் சேத்துக் குழம்பு வெக்கிறது சும்மா இல்ல. அந்த நேரத்துல வயல்ல இருக்கிறதே அதுதான்.

பங்குனி, சித்திரை, வைகாசி: முருங்கைக்காய், மாங்காய், வெள்ளரி, சுரைக்காய், பலாக்கொட்டை. மார்கழியில ஒரு முருங்கைக்காய் விக்கிற விலைக்குச் சித்திரையில ஒரு கட்டே வாங்கலாம்.

ஆவணியிலிருந்து கார்த்திகை வரை: ஆடிப்பட்டத்துல விதைச்ச கொடிக்காய்கள், அதாவது பீர்க்கு, புடலை, பாகல், சுரை. கூடவே வெண்டை, கத்திரி. மழை பலமா பிடிச்சா கீரையும் தக்காளியும் அடி வாங்கும், அப்ப அதுகளைத் தேடி அலையாம கிழங்கு, பூசணி பக்கம் போயிடணும்.

ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். மனப்பாடம் பண்ண வேண்டாம். சந்தைக்குள்ள நுழைஞ்சதும் எந்தக் காய் எல்லாக் கடையிலும் குவிஞ்சிருக்கு, விலையும் குறைவா இருக்கு என்று பாருங்க. அதுதான் அந்த வாரத்துச் சீசன் காய். லிஸ்ட் எழுதிட்டுப் போய்க் காய் வாங்காதீங்க, காயைப் பாத்துட்டு என்ன சமைக்கலாம்னு முடிவு பண்ணுங்க. எங்க ரூம் செலவு குறைஞ்சதே இந்த ஒரு மாத்தத்தாலதான்.

எதை எடுக்கிறது, எதை விடுறது?

வெண்டைக்காய்: நுனியை ஒடிச்சா 'டக்'னு ஒடியணும். வளைஞ்சா முத்தல். ஆனா கூடையில இருக்கிற எல்லாத்தையும் ஒடிச்சுப் பாக்காதீங்க. நாம விட்டுட்டுப் போற காயை அவங்க வேற யார்கிட்டயும் விக்க முடியாது. ஒண்ணு ரெண்டு போதும், மிச்சத்தைக் கையில எடுத்தாலே தெரியும். பிஞ்சு மெத்துனு இருக்கும், ரொம்பப் பெருசா இருக்காது.

கத்திரிக்காய்: தோல் பளபளன்னும் காம்பு பச்சையாவும் இருக்கணும். பெருசா இருந்து கனமாவும் இருந்தா உள்ள விதை முத்தியிருக்கும்.

சுரைக்காய்: நகம் லேசா இறங்கணும். இறங்கலைன்னா குழம்புல ரெண்டு மணி நேரம் கொதிச்சாலும் அது மரக்கட்டைதான்.

பீர்க்கங்காய்: விளிம்பு இளம்பச்சையா, தொட்டா மென்மையா இருக்கணும்.

முருங்கைக்காய்: ரெண்டு முனையையும் பிடிச்சு லேசா முறுக்கினா வளைஞ்சு கொடுக்கணும். விறைப்பா நின்னா உள்ள நார்தான்.

பட்டாணி, மொச்சை: தோலோட வாங்குங்க, அன்னைக்கே உரிச்சு அன்னைக்கே சமைங்க. பறிச்ச நிமிஷத்துல இருந்தே பட்டாணிக்குள்ள இருக்கிற சர்க்கரை மாவுச்சத்தா மாற ஆரம்பிச்சுடும். ரெண்டு நாள் ஆன பட்டாணி இனிக்காம மாவா இருக்கிறதுக்கு அதுதான் காரணம். 'ஃப்ரெஷ்' என்கிற வார்த்தைக்கு ருசியில என்ன அர்த்தம்னு தெரியணும்னா இந்த ஒரு காயைச் சாப்பிட்டுப் பாருங்க.

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி: நாலு விதி

*விதி 1: தண்ணி இருக்கிற வரைக்கும் காய் வேகும், வதங்காது.*

வதக்கின காய்ல வர்ற அந்த வாசனையும் பொன்னிறமும் மெய்யார்ட் வினையால வருது. அது மளமளன்னு நடக்கணும்னா காயோட மேற்பரப்பு சுமார் 140 டிகிரியைத் தாண்டணும். ஆனா தண்ணி இருக்கிற இடம் 100 டிகிரியிலேயே நின்னுடும். எவ்வளவு தீ வெச்சாலும் அந்த வெப்பமெல்லாம் தண்ணியை ஆவியாக்கவே போயிடும். ஒரு கிலோ தண்ணியை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டு போக 294 கிலோஜூல் போதும். அதே தண்ணியை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேணும், கிட்டத்தட்ட எட்டு மடங்கு.

இப்ப எங்க வெண்டைக்காயை யோசிச்சுப் பாருங்க. கழுவின ஈரம், உப்பு போட்டதால சவ்வூடு பரவல்ல காய்க்குள்ள இருந்து வெளிய வந்த தண்ணி, மூடி போட்டதால ஆவி வெளிய போக வழியில்ல. பொரியல் வரும்னு எதிர்பாத்ததே தப்பு. அதனால வதக்குற காயைத் துடைச்சுப் போடுங்க. கடாயில நெருக்கமா அடைக்காதீங்க, அரை கிலோவை ரெண்டு தடவையா வதக்குங்க. மூடாதீங்க. உப்பைக் கடைசியில போடுங்க.

*விதி 2: வெண்டைக்காயை முழுசாக் கழுவித் துடைச்சிட்டுத்தான் வெட்டணும்.*

அந்தக் கொழகொழப்பு தண்ணியில கரையுற ஒரு வகை கூட்டுச் சர்க்கரை. வெட்டினதும் வெளிய வரும், தண்ணி பட்டா இன்னும் பரவும். அமிலம் சேந்தா அதோட பிசுபிசுப்பு குறையும். அதனாலதான் வெண்டைக்காய்ல ஒரு ஸ்பூன் தயிரோ கொஞ்சம் புளித்தண்ணியோ தெளிக்கிறாங்க. அம்மா கேட்ட ஒரு கேள்வியில இத்தனை கெமிஸ்ட்ரி இருந்துச்சு.

*விதி 3: புளி கடைசியில.*

காயோட செல் சுவரைப் பிடிச்சு வெச்சிருக்கிற பெக்டின் கரைஞ்சாதான் காய் மெதுவாகும். அமிலத்துல அது சீக்கிரம் கரையாது. பருப்புக்கும் இதே கதைதான். அதனால சாம்பார்ல முதல்ல காய், அது வெந்த பிறகு புளி. சந்தேகம் இருந்தா ஒரு உருளைக்கிழங்கை ரெண்டா வெட்டி, ஒரு பாதியை வெறும் தண்ணியிலயும் இன்னொரு பாதியைப் புளித்தண்ணியிலயும் ஒரே நேரம் வேக வெச்சுப் பாருங்க. லேப் ரெக்கார்டுல எழுதுற அளவுக்கு வித்தியாசம் தெரியும்.

*விதி 4: பச்சைக் காயை ரொம்ப நேரம் வேக வெக்காதீங்க.*

பச்சையத்தோட நடுவுல ஒரு மெக்னீசியம் அணு இருக்கு. சூட்டுல காய்க்குள்ள இருக்கிற அமிலம் வெளிய வந்து அதைத் தள்ளிவிட்டுடும். அப்பத்தான் பளிச்சுனு இருந்த பச்சை பழுப்புப் பச்சையா மாறுது. அவரை, பீன்ஸ், கீரை எல்லாம் ஏழெட்டு நிமிஷத்துல இறக்கினா நிறமும் இருக்கும், கடிக்கவும் நல்லா இருக்கும்.

நாலு அயிட்டம்

எல்லாமே நாலு பேருக்கான அளவு. எங்ககிட்ட இருக்கிறது 1,200 வாட் இண்டக்ஷன் ஒண்ணு, 5 லிட்டர் குக்கர் ஒண்ணு, கடாய் ஒண்ணு, செகண்ட்ஸ்ல வாங்கின மிக்ஸி ஒண்ணு. ஹாஸ்டல் மக்கள் தயவுசெஞ்சு ரூமுக்குள்ள இண்டக்ஷன் வெச்சு வார்டன்கிட்ட மாட்டிக்காதீங்க. லீவுல வீட்டுல செஞ்சு பாருங்க, வீட்டுலயும் சந்தோஷப்படுவாங்க.

*1. அவரைக்காய்ப் பொரியல்*

அரை கிலோ அவரை. ரெண்டு ஓரத்து நாரையும் உரிச்சுப் பொடியா நறுக்குங்க. ரெண்டு ஸ்பூன் எண்ணெய்ல கடுகு வெடிச்சதும் உளுத்தம்பருப்பு, ரெண்டு வர மிளகாய், கறிவேப்பிலை. பருப்பு சிவந்ததும் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். வதங்கினதும் அவரையைப் போட்டு ரெண்டு நிமிஷம் பிரட்டி, ஒரு கை தண்ணி தெளிச்சு மூடி வெச்சு அஞ்சு நிமிஷம். திறந்து உப்பு போட்டு, தண்ணி சுண்டினதும் ரெண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், இறக்கிடுங்க. அவ்வளவுதான்.

வதக்கும்போது மூடக் கூடாதுன்னு சொல்லிட்டு இங்க மூடச் சொல்றேனேன்னு கேப்பீங்க. அவரைக்கு வெண்டைக்காய் மாதிரி கொழகொழப்பு கிடையாது, அதுக்கு ஆவியில வேகுறதுதான் தேவை. எந்தக் காய்க்கு எது வேணும்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்கிறதுதான் சமையலே.

*2. பீர்க்கங்காய்க் கூட்டு, அதோட தோல்ல துவையல்*

அரை டம்ளர் பாசிப்பருப்பை மஞ்சள்தூள் போட்டு ஒண்ணரை டம்ளர் தண்ணியில பதமா வேக வெச்சுக்கோங்க. ரெண்டு பீர்க்கங்காயைத் தோல் சீவி நறுக்கித் தனியா கடாயில போடுங்க. தண்ணி ஊத்த வேண்டாம். பீர்க்கங்காய்ல 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், உப்பு போட்டதும் அதுவே விட்டு அதுலயே வெந்துடும். வெந்த பிறகு பருப்பைச் சேத்து, தேங்காய், சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைச்சு ஊத்தி ஒரு கொதி. கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டுங்க. புளி இல்ல, காரம் குறைவு. எங்க ஈரோட்டுக்காரனோட வயித்துக்கு இது ரொம்ப ஒத்துக்கிச்சு.

சீவின தோலைக் குப்பையில போடாதீங்க. ஒரு ஸ்பூன் எண்ணெய்ல உளுத்தம்பருப்பும் ரெண்டு வர மிளகாயும் வறுத்து எடுத்துட்டு, அதே எண்ணெய்ல தோலை நல்லா வதக்குங்க. கொஞ்சம் புளி, தேங்காய், உப்போட மிக்ஸியில கொரகொரன்னு அரைச்சா துவையல். சுடு சோறு, நல்லெண்ணெய், இந்தத் துவையல். ஒரு காய் வாங்கினா ரெண்டு அயிட்டம்.

*3. தக்காளித் தொக்கு*

இதுக்கு ஒரு கதை இருக்கு. எங்க ரூம்ல ஒருத்தனுக்கு ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம், அவங்க அப்பா தக்காளி போடுறவர். ஒரு திங்கக்கிழமை காலையில ஊர்ல இருந்து வரும்போது ரெண்டு கட்டைப்பை நிறைய தக்காளி தூக்கிட்டு வந்தான். நாங்க சந்தோஷமா வாங்கி வெச்சோம். அவன் முகத்துல சிரிப்பே இல்ல. சாயங்காலம் டீக்கடையிலதான் சொன்னான்: "மார்க்கெட்ல கிலோ மூணு ரூபாய்க்குக் கேக்கறாங்கடா. பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் கூட தேறாது. பாதியைச் செடியிலேயே விட்டுட்டாரு அப்பா."

2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிச்சே, அப்ப நல்ல லாபம் பாத்திருப்பீங்களேன்னு ஒருத்தன் கேட்டான். "அப்ப எங்க தோட்டத்துல காயே இல்லடா. எல்லார் தோட்டத்துலயும் இல்லாததாலதான் அந்த விலையே வந்துச்சு" என்றான்.

எங்க யார்கிட்டயும் பதில் இல்ல. "விலை குறைவா இருக்கிறதைப் பாத்து வாங்குங்க" அப்படின்னு மேல எழுதியிருக்கேன் இல்லையா, அந்தக் குறைஞ்ச விலைக்குப் பின்னாடி இப்படி ஒரு வீடும் இருக்கலாம். அதுக்காக வாங்காம இருந்தா அவங்களுக்கு இன்னும் கஷ்டம்தான். காய் கொட்டிக் கிடக்குற நேரத்துல நாலு கிலோ சேத்து வாங்கி, கெடாத மாதிரி செஞ்சு வெச்சுக்கிட்டா நமக்கும் நல்லது, விக்கிறவங்களுக்கும் ஏதோ கொஞ்சம் நல்லது. அன்னைக்கு ராத்திரி அந்தத் தக்காளி முழுக்கத் தொக்கு ஆச்சு, கிளாஸ்ல பாதிப் பேருக்கு டப்பா டப்பாவாப் போச்சு.

செய்முறை: 2 கிலோ பழுத்த தக்காளியைப் பொடியா நறுக்குங்க. அடி கனமான பாத்திரத்துல 150 மில்லி நல்லெண்ணெய் ஊத்தி, கடுகு, கறிவேப்பிலை, இருபது பல் பூண்டு போட்டு வதக்கி, தக்காளியைக் கொட்டுங்க. மஞ்சள்தூள், நாலு ஸ்பூன் மிளகாய்த்தூள், உப்பு, நெல்லிக்காய் அளவு புளி. இனிமே பொறுமைதான். தக்காளியில சுமார் 94 சதவீதம் தண்ணி. 2 கிலோ தக்காளி 600 கிராமா சுண்டணும்னா 1.4 கிலோ தண்ணி ஆவியாகணும். 1.4-ஐ 2,260-ஆல பெருக்கினா 3,164 கிலோஜூல். எங்க இண்டக்ஷன்ல இருந்து பாத்திரத்துக்குச் சேருறது சுமார் 1,000 வாட்னு வெச்சுக்கிட்டா 3,164 வினாடி, அதாவது 53 நிமிஷம். வெளிய போற சூட்டையும் சேத்தா ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும். யாராவது "இருபது நிமிஷத்துல ரெண்டு கிலோ தொக்கு" அப்படின்னு வீடியோ போட்டா, இந்தக் கணக்கைக் காட்டுங்க.

ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சதும் அரை ஸ்பூன் வறுத்துப் பொடிச்ச வெந்தயம், பெருங்காயம் தூவி இறக்குங்க. நல்லா ஆறின பிறகு, துளி ஈரம் இல்லாத கண்ணாடி பாட்டில்ல போடணும். தண்ணி குறைவு, புளிப்பும் உப்பும் அதிகம், மேல எண்ணெய். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வாழவே கஷ்டமான இடம் அது. ஆனாலும் ஈர ஸ்பூன் போட்டா எல்லாம் போச்சு. வெளியில வெச்சா ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுடுங்க, ஃப்ரிட்ஜ் இருந்தா இன்னும் தாங்கும். நுரை கட்டினாலோ வாடை மாறினாலோ யோசிக்காம கொட்டிடுங்க.

*4. கூட்டாஞ்சோறு*

நான் தென்காசிக்காரன். எங்க பக்கம், திருநெல்வேலி பூரா, கூட்டாஞ்சோறுன்னா வீட்டுல இருக்கிற காயெல்லாம் ஒண்ணா விழுற சாப்பாடு. ஒரே பாத்திரம், அதனால பேச்சிலருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

அரை டம்ளர் துவரம்பருப்பை ரெண்டரை டம்ளர் தண்ணியில குக்கர்ல வெச்சு ரெண்டு விசில் விடுங்க. இதுக்கு நடுவுல அரை மூடி தேங்காய், நாலு வர மிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், நாலு பல் பூண்டு, அஞ்சாறு சின்ன வெங்காயம் சேத்து அரைச்சுக்கோங்க. பிரஷர் தானா அடங்கினதும் குக்கரைத் திறந்து, கழுவின ரெண்டு டம்ளர் அரிசி, ரெண்டு டம்ளர் அளவு நறுக்கின காய், மஞ்சள்தூள், உப்பு, அரைச்ச விழுது, நாலரை டம்ளர் தண்ணி. நல்லாக் கிளறி மூடி மூணு விசில். குக்கருக்குள்ள அழுத்தத்தால தண்ணி சுமார் 120 டிகிரியில கொதிக்குது, அதனால அரிசியும் கிழங்கும் சீக்கிரமே குழைஞ்சுடும்.

திறந்ததும் அரை டம்ளர் கெட்டியான புளிக்கரைசல் (விதி 3 ஞாபகம் இருக்கா?), ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை, ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுக் கிளறி, சின்னச் சூட்டுல ஆறு நிமிஷம். கடுகு, வெங்காய வடகம், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டுங்க. தொட்டுக்க அப்பளம் போதும்.

எந்தக் காய் போடலாம்? சித்திரையில முருங்கைக்காய், மாங்காய், கத்திரிக்காய். மாங்காய் போட்டா புளியைப் பாதியாக் குறைங்க, மாங்காயையும் கீரையோடவே சேருங்க. தையில அவரை, பச்சை மொச்சை, கேரட், கத்திரி. மழைக்காலத்துல வாழைக்காய், சேனை. செய்முறை மாறாது, மாசம்தான் மாறும். ஒரே சாப்பாடு வருஷத்துக்கு மூணு விதமா ருசிக்கும்.

கணக்கு

இப்ப பைசா விஷயம். நாங்க வாரத்துல ஆறு நாள் ராத்திரி சமைக்கிறோம், மாசத்துக்கு 26 சாப்பாடு. முன்னாடி வெளிய சாப்பிட்டப்ப ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரி 90 ரூபாய் ஆச்சு. ஆக மாசம் 2,340.

இப்ப நாலு பேருக்கும் சேத்து மாசச் செலவு: காய்கறி 1,400, அரிசி 600, பருப்பு 400, எண்ணெய் 350, தேங்காய், மசாலா, மளிகை 350, கரண்ட், தயிர், இதர செலவு 600. மொத்தம் 3,700. ஆளுக்கு 925 ரூபாய். மிச்சம் 1,415.

இந்தக் கணக்குல வராத ஒண்ணும் இருக்கு, நேரம். வெட்ட, சமைக்க, கழுவ, மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும். நாலு பேரும் முறை போட்டுக்கிட்டா ஒருத்தருக்கு வாரத்துல ஒண்ணரை நாள்தான் வேலை வரும். சண்டையும் வரும். எங்க ரூம்ல சமையலுக்காக யாரும் சண்டை போட்டதில்ல, எல்லாச் சண்டையும் குக்கர் கழுவுறதுலதான். "சமைச்சவன் கழுவ வேண்டாம்" அப்படின்னு முதல் நாளே ஒரு சட்டம் போட்டுக்கோங்க.

செமஸ்டர் எக்ஸாம் நேரத்துல நாங்களும் சமைக்கிறதில்ல, பொய் சொல்ல மாட்டேன். அப்ப தொக்கு பாட்டில்தான் கை கொடுக்கும். சோறு மட்டும் வடிச்சாப் போதும்.

கடைசியா

ஈரோட்டுக்காரனுக்கு இப்ப வயிறு பரவாயில்ல. போன பொங்கல் லீவுல அவங்க வீட்டுல அவனே அவரைக்காய்ப் பொரியல் செஞ்சு போட்டானாம். அவங்க அம்மா சாப்பிட்டுட்டு, "உப்பு கம்மி, ஆனா நல்லா இருக்குது சாமி" என்றாங்களாம். அதை ஒரு வாரம் சொல்லிட்டே இருந்தான்.

நான் ஊருக்குப் போனப்ப அம்மா கிட்ட புளி ஏன் கடைசியில ஊத்தணும், பெக்டின் என்ன பண்ணுதுன்னு அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அதெல்லாம் சரிதாம்ல, அந்த வெண்டைக்காயை எடுத்து நறுக்கு" என்றாங்க. எடுத்தேன். முதல்ல கழுவினேன், துடைச்சேன், அப்புறம்தான் நறுக்கினேன். அம்மா ஒண்ணும் சொல்லல, ஓரமாப் பாத்துட்டு மட்டும் இருந்தாங்க.

இந்த ஞாயித்துக்கிழமை அலாரம் வெச்சு எந்திரிச்சு ஒரு தடவை சந்தைக்குப் போய்ட்டு வாங்க. இதுவரைக்கும் நீங்க சமைக்காத ஒரே ஒரு காய் வாங்குங்க. எப்படிச் செய்யணும்னு விக்கிறவங்ககிட்டயே கேளுங்க, சந்தோஷமாச் சொல்லுவாங்க. முதல் தடவை சொதப்பினாலும் பரவாயில்ல. எங்க பசையை விட மோசமா உங்களால செய்யவே முடியாது!